கொழுப்பு பொய் சொல்லாது

அத்தியாயம் 7

டீயை ஒரு வாய் குடித்ததும் கொசுறுவின் முகம் அஷ்டகோணலாகிவிட்டது. துப்பவும் வழியில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு இன்னும் தேறாத மனிதர். தன் கையாலேயே போட்டு, ஆற்றி, கொண்டுவந்து நீட்டிய டீ அது. கொசுறு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விழுங்கினான்.

“சர்க்கரைக்குப் பதிலா சமையல் சோடா போட்டிருக்கார் அக்கா,” என்று பக்கத்தில் கிசுகிசுத்தான். “நான் பொங்கினாலும் பொங்குவேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

புரூஃப் அக்கா சிரிக்கவில்லை. அவளும் ஒரு வாய் குடித்திருந்தாள், ஆனால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பாதி ஆயுளை ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தே கழித்தவள் அவள். அச்சகம் இழுத்து மூடப்பட்ட பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அங்கேயும் தேட வேண்டியது புரூஃப்தானே, தொழிலே மாறவில்லை என்று கொசுறு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான். அக்காவுக்கு வேலை கொடுத்தால் கூடவே கேட்காமல் வந்து சேருகிறவன் என்பதால் அவன் கொசுறு. உயரத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கடவுள் அவன் நாக்கில் செலவழித்திருந்தார்.

எதிரே இருந்தவரைக் கொசுறு ‘தியேட்டர்காரர்’ என்றே சொல்லுவான். முதல் நாள் அவர் தொலைபேசியில், தான் தியேட்டரில் வேலை பார்ப்பதாகச் சொல்ல, கொசுறு மாலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டுவிட்டான். அவர் சொன்னது ஆபரேஷன் தியேட்டர். அறுவை நடக்கும்போது டாக்டர் நீட்டுவதை வாங்குவதும், கேட்பதை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. அதே ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்த ஆய்வகத்தில் அவர் மனைவி ஆராய்ச்சி செய்தாள்.

டீ கெட்டுப்போனது தெரிந்ததும் மனிதர் கூனிக் குறுகிப்போனார். அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்துவந்து வைத்தார். இரண்டின் மேலும் பேனாவால் ஒரே எழுத்து: ‘ச’. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு வெள்ளை மூடி. அலமாரி முழுக்க அப்படித்தான் இருந்தது. ‘உ’, ‘ம’, ‘கா’ என்று ஒற்றை ஒற்றை எழுத்தாக டப்பாக்கள் வரிசையில் நின்றன.

“மூடியை மாத்திப் போட்டுட்டேன் போலிருக்கு,” என்றார். “எனக்கு எதுக்கும் முதல் எழுத்துதான் எழுத வரும். அவளுக்குக் கடிதம் எழுதின காலத்துலகூட பேரை முழுசா எழுதினதில்லை. அதுக்காகவே தினமும் வாங்கிக் கட்டிக்குவேன்.”

சொல்லும்போதே அவருக்குச் சின்னதாகச் சிரிப்பு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் இந்தச் சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவர் அப்போது வாங்கிவந்த சாமான்களை டப்பாக்களில் கொட்டி, மேலே எழுதிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரித்தாளாம். மறுநாளே சிவப்பிலும் வெள்ளையிலும் மூடிகள் வாங்கிவந்துவிட்டாள். டீயைக் கெடுப்பதற்குச் சிவப்பு, நல்லதுக்கு வெள்ளை, இனிமேல் உங்கள் எழுத்தே எனக்கு வேண்டாம் என்றாளாம். அன்று ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை என்பதும் அவருக்கு நினைவிருந்தது.

அடுத்து அவர் சொன்னது ஊரறிந்த கதை. அவள் பெரிதாக ஏதோ கண்டுபிடித்ததாகப் பேச்சு எழுந்தது. பிறகு அது மோசடி என்று பேச்சு மாறியது. ஆய்வகக் குழாய்களில் இருந்ததைத் தானே மாற்றி வைத்துவிட்டாள் என்று வேலையைவிட்டு அனுப்பினார்கள். கொஞ்ச காலம் வீட்டோடு கிடந்தாள். ஒரு காலை குளியலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். அவமானம்தான் வெடித்தது என்றார் கணவர். அவள் பெயர் போட்ட மோசடி அறிவிப்பு இன்னமும் லிஃப்டுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பலகையில் தொங்குகிறது. அதைப் பார்க்கக் கூடாதென்று அவர் தினமும் படியேறித்தான் வேலைக்குப் போகிறார்.

“அவ மாத்தலை. வேற யாரோ செஞ்ச வேலைக்கு இவ பலியாயிட்டா,” என்றார். “அது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அந்த முகத்தை நான் ஒரு தடவை பாக்கணும்.”

புரூஃப் அக்கா எழுந்துகொண்டாள். எழுந்தவள் அந்த இரண்டு ‘ச’க்களையும் திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

ஆய்வகத்துப் பேராசிரியர் அவர்களை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. தன் மகள் மாதிரி வளர்த்த மாணவி என்றார். அதனால்தான் ஆத்திரமும் அத்தனை என்றார். அவள் மேசையை அவர் இதுவரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

என்னதான் ஆராய்ச்சி என்று அக்கா கேட்டாள். ஈரலில் இருக்கும் கொழுப்பு என்றார் பேராசிரியர். தனக்கும் நிறையக் கொழுப்பு இருப்பதாகச் சின்ன வயதிலிருந்தே சொல்லுகிறார்கள், ஒரு துண்டு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றான் கொசுறு. பேராசிரியர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விளக்குவதற்கு அக்கா பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஈரலில் புற்றுநோய்க் கட்டி வந்தவருக்கு அறுவை நடக்கும்போது இரண்டு துணுக்குகள் எடுப்பார்கள். ஒன்று கட்டியிலிருந்து, மற்றொன்று நோயில்லாத பகுதியிலிருந்து. தனித்தனிக் குழாயில் போட்டு, அப்படியே உறையவைத்து மேலே அனுப்புவார்கள். ஆய்வகம் அதிலிருந்து கொழுப்பைப் பிரித்து ஒரு இயந்திரத்தில் ஓட்டும். கொழுப்பு அமிலம் ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கூம்பு எழும்பும். பேராசிரியர் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இவர்கள் பார்த்தவரை, கட்டியில் ஒலீயிக் அமிலத்தின் கூம்பு உயர்ந்து நிற்கும், அராகிடோனிக் அமிலம் ஒடுங்கிப்போயிருக்கும். நல்ல ஈரலில் அது நேர் எதிராக இருக்கும்.

“திடீர்னு, கடைசியா வந்த எட்டு நோயாளிக்கு மட்டும் எல்லாம் தலைகீழா வந்தது,” என்றார். “இது வேற வகைப் புற்றுநோய்னு அவ குதிச்சா. நானும் சேர்ந்து குதிச்சேன். கட்டுரை போட்டோம். வேற எந்த ஊர் ஆய்வகத்திலயும் அப்படி வரலை. சந்தேகப்பட்டு உறைபெட்டியைத் திறந்து மறுபடி ஓட்டினோம். புது வகையும் இல்லை, ஒண்ணும் இல்லை. கட்டின்னு எழுதின குழாய்ல நல்ல ஈரல். நல்லதுன்னு எழுதினதுல கட்டி.”

பெயர்ச்சீட்டு மாறிப் போயிருக்கலாமே என்று அக்கா கேட்டாள். பேராசிரியர் உறைபெட்டியிலிருந்து அந்த எட்டில் ஒரு ஜோடியை எடுத்துவந்தார். அச்சடித்த சீட்டு ஆய்வகத்தில் ஒட்டியது. அதை அவர்கள் அப்போதே கிழித்துப் பார்த்திருந்தார்கள். அடியில், தியேட்டரில் பேனாவால் எழுதி அனுப்பிய எழுத்து அப்படியே இருந்தது. ‘நல்லது’ என்ற சீட்டுக்கு அடியில் ‘ந’. ‘கட்டி’ என்ற சீட்டுக்கு அடியில் ‘க’.

“எழுத்து சரியா இருக்கு. கொழுப்பு பொய் சொல்லாது,” என்றார் பேராசிரியர். “அப்புறம் மிச்சம் இருக்கறது ஆள்தான். உறைபெட்டிச் சாவி அப்போ அவகிட்ட மட்டும்தான் இருந்தது.”

கேட்டபோது அவள் மறுத்தாளா என்றாள் அக்கா. மறுக்கவேயில்லை என்றார் அவர். இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். குழாய்களை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். ‘ஒரு எழுத்துல கோட்டை விட்டுட்டேன் சார், தப்பு என்னுதுதான்.’ கட்டுரை எழுதியதைச் சொல்லுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்றே கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

அக்கா அந்த ‘ந’வை வெகுநேரம் பார்த்தாள். அச்சகத்தில் ஒரு சொல் சரியாகவும் இருந்து, இடத்துக்குப் பொருந்தாமலும் இருந்தால் அவள் இப்படித்தான் பார்ப்பாளாம். கொசுறுவுக்கு அந்தப் பார்வை அத்துப்படி. வேலை வரப்போகிறது என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

தியேட்டருக்கு வெளியே, கைகழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் தலைமை நர்ஸைப் பிடித்தார்கள். ஓங்குதாங்கான பெண்மணி. கொசுறுவைப் பார்த்ததும் குழந்தைகள் பிரிவு அந்தப் பக்கம் என்று கைகாட்டினாள். தனக்குச் சமமான வாய் ஒன்றைச் சந்தித்துவிட்ட சந்தோஷம் கொசுறுவுக்கு.

ஈரல் அறுவையில் துணுக்கு எடுப்பது எப்படி என்று அக்கா விசாரித்தாள். அதில் என்ன இருக்கிறது என்றாள் நர்ஸ். டாக்டர் வெட்டி எடுத்த பகுதியைத் தட்டில் வைப்பார். கட்டியின் நடுவிலிருந்து ஒரு துணுக்கு, கட்டியைவிட்டு வெகுதூரம் தள்ளி, வெட்டின விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு. பக்கத்தில் நிற்கிற உதவியாளர் குழாயை நீட்டி வாங்கிக்கொள்வார்.

“வாங்கும்போது டாக்டர் என்ன சொல்லுவார்?”

“என்ன சொல்லுவார், ‘இது நடு, இது கரை’ன்னு சொல்லுவார். எங்களுக்குக் கரைதாம்மா உசிரு. கரையில கட்டி ஒட்டியிருக்கலைன்னா ஆள் பிழைச்சார்னு அர்த்தம். மேல ஆய்வகத்துல அவங்க என்ன பேரு வச்சுக்கறாங்களோ, எங்களுக்கு நடுவும் கரையும்தான்.”

கொசுறுவுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிடிபட்டபோது வாயில் காலையில் குடித்த சோடா மறுபடி கரித்தது. நடுவுக்கு ‘ந’. கரைக்கு ‘க’. நோய் குடியிருக்கும் நடுவை எழுதி அனுப்பிய ‘ந’வை மாடியில் நல்லது என்று படித்தார்கள். சுத்தமான கரையை எழுதி அனுப்பிய ‘க’வைக் கட்டி என்று படித்தார்கள். கீழே எழுதியவர் பொய் எழுதவில்லை. மேலே படித்தவளும் தப்பாகப் படிக்கவில்லை. கொழுப்பும் உள்ளதைத்தான் சொன்னது.

யார் எழுதியது என்று அக்கா கேட்கவே இல்லை. நர்ஸ்தான் தானாகச் சொன்னாள். முன்பெல்லாம் இந்த வேலையைத் தானே செய்ததாகவும், ‘கட்டியில் எடுத்தது’, ‘கட்டி இல்லாதது’ என்று முழுசாக எழுதியதாகவும், முட்டிவலி வந்தபின் அந்த வேலை நம் தியேட்டர்காரருக்குப் போனதாகவும் சொன்னாள். தங்கமான மனுஷன், வேலைக்கு அவரைச் சொன்னதே அவர் மனைவிதான் என்றாள். பிறகு பெருமையாக ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் புதுக் குழாய்கள் அடுக்கியிருந்தன. பாதிக்குச் சிவப்பு மூடி, பாதிக்கு வெள்ளை மூடி.

“எழுத்தே வேண்டாம், கட்டிக்குச் சிவப்பு, மத்ததுக்கு வெள்ளைன்னு அவர்தான் ஒருநாள் ஆரம்பிச்சார். வீட்டுல அவ சொல்லிக் கொடுத்தாளாம். அப்புறம் ஒரு குழப்பமும் கிடையாது.”

குழாயில் பெயர் தப்பாகப் போனால் தியேட்டரில் என்ன செய்வார்கள் என்று கொசுறு கேட்டான். நர்ஸ் கையால் கழுத்தை வெட்டிக் காட்டினாள். போன தடவை ஒருத்தன் ஒரு பாட்டிலில் பேரை மாற்றி ஒட்டிவிட்டான்; அன்றே அனுப்பிவிட்டார்கள்; அதற்கப்புறம் எந்தத் தியேட்டரும் அவனை வாசலில்கூட நிற்கவிடவில்லை என்றாள்.

லிஃப்டுக்கு அருகே அந்தக் கண்ணாடிப் பலகை இருந்தது. கொசுறு அதன் முன்னால் நின்றுவிட்டான். அறிவிப்பில் அவள் பெயர், பக்கத்திலேயே மோசடி என்ற சொல்.

அவளுக்கு அந்த இரண்டு நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது. குழாய்களிலிருந்து கையெழுத்து தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, அதே கை டப்பாக்களில் அதே மாதிரி ஒற்றை எழுத்து எழுதுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அவர் வேலை போயிருக்கும். அவள் இரண்டு வண்ண மூடிகள் வாங்கிவந்து, தப்பு மறுபடி நடக்காமல் அடைத்துவிட்டு, பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“சொல்ல வேண்டாம் அக்கா,” என்றான் கொசுறு. “கண்டுபிடிக்க முடியலைன்னு எழுதிக் கொடுத்துடலாம். நம்ம பேர் கெட்டாக் கெட்டுட்டுப் போகட்டும். அந்தம்மா உசிரையே விட்டு மறைச்ச விஷயம். அதை நாம போய் அவர் கையில குடுக்கறதா?”

“அவர் இந்தப் பலகையைப் பார்க்காம படியேறிப் போறார்டா. சாகற வரைக்கும் ஏறுவார்.”

“ஏறட்டும். கால்தானே வலிக்கும்.”

அக்கா கண்ணாடியில் விரலை வைத்து மோசடி என்ற சொல்லின் கீழே ஒரு கோடு இழுத்தாள். அச்சகத்தில் பிழையை அடிக்கோடிடும் பழக்கம். “இந்த ஒரு சொல்லை அடிக்கணும்னா, எது பிழைன்னு ஓரத்துல எழுதித்தான் ஆகணும்,” என்றாள். “நீ வர வேண்டாம்னா இங்கேயே நில்லு.”

கொசுறு வந்தான். வழி நெடுக அவன் வாயைத் திறக்கவில்லை. அக்காவோடு சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தியேட்டர்காரர், கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவும் மறந்துபோய், யார் என்று கேட்டார். புரூஃப் அக்கா ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்து, ‘ந’ என்றும் ‘க’ என்றும் எழுதினாள். குழாயில் இதை எழுதும்போது மனசில் என்ன சொல் இருந்தது என்று மட்டும் கேட்டாள்.

“நடு, கரை,” என்றார் அவர், யோசிக்காமல்.

“மேல அவங்க இதை நல்லது, கட்டின்னு படிச்சாங்க.”

அவர் தாளைப் பார்த்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உதடுகள் மட்டும் அசைந்தன. நடு, நல்லது. கரை, கட்டி. மறுபடியும் நடு, நல்லது. கொசுறு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்தவர் அடிக்கிற அடியைப் பார்க்கலாம், வாங்குகிறவர் தனக்குத்தானே அடித்துக்கொள்வதைப் பார்க்க அவனால் ஆகவில்லை.

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். “அன்னிக்கு அவ வாசல்ல நின்னு என்னையே பார்த்தாளே.”

“ஆமாம்,” என்றாள் அக்கா.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் போய் ஒத்துக்கிட்டிருப்பேனே.”

“அது அவங்களுக்குத் தெரியும். அதனாலதான் சொல்லலை.”

அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று காலையில் கேட்ட மனிதர், திறந்திருந்த அலமாரிக் கதவின் கண்ணாடியில் தன் முகம் தெரிவதைக் கண்டு கதவை மெல்லச் சாத்தினார். அப்புறம் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். சத்தமே வராத அழுகை. புரூஃப் அக்காவும் தரையில் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொசுறு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்தான். இரண்டு ‘ச’ டப்பாக்களையும் திறந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, மூடிகளை உரிய இடத்தில் மாற்றிப் போட்டான். ஏதாவது ஒரு கேலி வாய்க்கு வருமா என்று காத்திருந்தான். வரவில்லை. கண்தான் நிறைந்தது.

டீயை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். குடித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையை இப்போதே எழுதச் சொன்னார். அந்தச் சொல் நாளைக்கே பலகையிலிருந்து இறங்க வேண்டும் என்றார். அவர் வேலை என்ன ஆகும் என்று கொசுறு மெதுவாக நினைவுபடுத்தினான். அது காதில் விழுந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

புரூஃப் அக்காவின் அறிக்கைகளில் யார் பெயரும் முழுசாக இருக்காது. எந்தக் கையில் போய்ச் சிக்கினாலும் ஆள் தெரியக் கூடாது என்று முதல் எழுத்தோடு ஒரு புள்ளி வைப்பது அவள் வழக்கம். தாளை மடியில் வைத்து, இறந்துபோனவளின் முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வைக்கப் போனாள். தியேட்டர்காரர் கையை நீட்டி அவள் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒத்தை எழுத்து வேண்டாம்,” என்றார். “அவ பேரை முழுசா எழுதுங்க. அதுக்குக் கீழ என் பேரையும்.”

அக்கா பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டாள். அவர் தாளை மேசைக்கு எடுத்துப்போய், மனைவியின் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எழுதினார். எழுதி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.